‘தனி, ஆனால் சமம்’: ஒரு வாக்கியத்தை அதே வாக்கியத்தால் உடைத்த வழக்கறிஞர்

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது செல்லாது என்பது அதன் சாரம். தீர்ப்பைப் படித்த பலருக்கு ஒரு குழப்பம் வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் தங்களுக்கு ஆதரவாகக் காட்டியது, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கு. அதை எதிர்த்து எழுதிய நீதிபதிகள் காட்டியதும் அதே பிரவுன் வழக்குதான். ஒரே வழக்கு இரண்டு பக்கமும் எப்படிச் சாட்சி சொல்லும்?

பிரவுன் தீர்ப்பை மட்டும் படித்தால் இந்தக் குழப்பம் தீராது. அந்த வழக்கு எப்படிக் கட்டி எழுப்பப்பட்டது என்று பார்க்க வேண்டும். அஸ்திவாரம் போட்டவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர். தீர்ப்பு வந்த நாளில் அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

## அடிப்படை: 1868, 1896

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, 1868-இல் அமெரிக்க அரசமைப்பில் 14-வது திருத்தம் சேர்ந்தது. எந்த மாநிலமும் தன் எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பை’ மறுக்கக் கூடாது என்றது அது. (இந்திய அரசமைப்பின் 14-வது பிரிவில் உள்ள அதே தொடர் அங்கிருந்து எடுத்ததுதான். எண்ணும் ஒத்துப்போனது தற்செயல்.)

எழுதியாயிற்று. ஆனால் தென்மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. ரயில், பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய் என ஒவ்வொன்றிலும் வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பினத்தவருக்கு வேறோர் இடம் என்று சட்டம் போட்டன. லூசியானா மாநிலம் 1890-இல் ரயில் பெட்டிகளைப் பிரித்தது. அதை எதிர்க்கவே நியூ ஆர்லியன்ஸில் ஒரு குடிமக்கள் குழு திட்டம் போட்டு, 1892-இல் ஹோமர் பிளெசி என்பவரை வெள்ளையர் பெட்டியில் ஏற்றியது. எட்டில் ஏழு பங்கு வெள்ளை வம்சாவளி கொண்டவர் அவர், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் கறுப்பினத்தவர்தான். கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1896-இல் 7-க்கு 1 என்ற கணக்கில் தோற்றார். பிரித்து வைப்பதாலேயே சமத்துவம் கெடாது, இரண்டு பக்கமும் வசதி சமமாக இருந்தால் போதும் என்றது பெரும்பான்மை. பிரிவினை தங்களைத் தாழ்த்துகிறது என்று கறுப்பினத்தவர் நினைத்தால், அது அவர்களே கற்பித்துக்கொள்வது என்றும் எழுதியது. நீதிபதி ஹார்லன் மட்டும் மாறுபட்டு, நம் அரசமைப்பு நிறம் பார்க்காது என்று எழுதினார். இந்தக் கொள்கைக்குத்தான் ‘தனி, ஆனால் சமம்’ என்று பெயர். லூசியானா சட்டத்தில் இருந்த வரிசையோ ‘சமமான, ஆனால் தனியான’ என்பது. காலப்போக்கில் ‘தனி’ முன்னால் வந்துவிட்டது. நடைமுறையிலும் அப்படியேதான்: தனி என்பதைக் கண்டிப்பாக நடத்தினார்கள், சமம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

இங்கே ஒரு சட்டச் சொல்லை விளக்கிவிடலாம். ‘முன்தீர்ப்பு’ என்பது உயர்ந்த நீதிமன்றம் ஏற்கெனவே சொன்ன முடிவு. கீழ் நீதிமன்றங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. உச்ச நீதிமன்றமே தன் பழைய முடிவை மாற்றலாம் என்றாலும், எளிதில் மாற்றாது. ஆகவே 1930-களில் ஒருவர் போய் “பிரிவினையே தவறு” என்று வழக்குப் போட்டால், பிளெசி தீர்ப்பைக் காட்டி ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடலாம். அதைவிட மோசம், உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பை மறுபடி உறுதிசெய்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் கதவு மூடிவிடும்.

## ஹூஸ்டன் யார்?

1895-இல் வாஷிங்டனில் பிறந்தார். தந்தையும் வழக்கறிஞர். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் பணியாற்றினார். கறுப்பினப் படைகள் தனியே வைக்கப்பட்ட காலம் அது. பிரான்சில், எதிரியிடம் அல்ல, சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாய்களின் கும்பலிடம் சிக்கி உயிர் தப்பினார். திரும்பி வந்து ஹார்வர்டில் சட்டம் படித்தார். அங்கே சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர்.

1929-இல், பெரும்பாலும் கறுப்பினத்தவர் படித்த, வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்புக்கு வந்தார். அதுவரை அது மாலை நேரக் கல்லூரி. அதை முழுநேரக் கல்லூரியாக்கி, அங்கீகாரம் வாங்கி, மாணவர்களைப் பிழிந்தெடுத்தார். ‘இரும்புக் காலணி’ என்பது மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று. வழக்கறிஞர் என்பவர் சமூகத்தைச் செப்பனிடும் பொறியாளராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் சமூகத்தின் ஒட்டுண்ணி என்பது அவர் அடிக்கடி சொன்னது. 1933-இல் அங்கே முதல் மாணவராகத் தேறிய தர்குட் மார்ஷல்தான் பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

1935-இல் ‘கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம்’ ஹூஸ்டனைத் தன் சட்டப் பொறுப்பாளராக நியமித்தது. (இனி ‘சங்கம்’ என்றே குறிப்பிடுகிறேன்.)

## “சமம் என்றீர்களே, கொடுங்கள்”

சங்கத்தின் கையில் ஏற்கெனவே ஓர் அறிக்கை இருந்தது. 1931-இல் நேதன் மார்கோல்ட் என்ற வழக்கறிஞர் எழுதியது. தென்மாநிலங்கள் சமம் என்பதை எப்போதுமே கடைப்பிடிப்பதில்லை, ஆகவே அந்தப் பிரிவினையையே நேராகத் தாக்கலாம் என்பது அவர் யோசனை. ஹூஸ்டன் அதைப் படித்தார், பாராட்டினார், அப்புறம் மாற்றினார். நிதி குறைவு, நீதிபதிகள் தயாராக இல்லை, வழக்கு நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலர்.

அவர் எடுத்த வழி விசித்திரமானது. பிளெசி தீர்ப்பை எதிர்க்காதே, அதை அமல்படுத்தச் சொல்லிக் கேள். “பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், சரி. ஆனால் சமமாக வையுங்கள். அப்படித்தானே உச்ச நீதிமன்றம் சொன்னது?” எந்த நீதிபதியாலும் இந்த வாதத்தை எடுத்த எடுப்பில் தூக்கி எறிய முடியாது. ஏற்றுக்கொண்டாலோ, மாநிலத்தின் கஜானா தாங்காது. இரண்டு பள்ளி, இரண்டு ஆய்வகம், இரண்டு நூலகம், எல்லாமே ஒரே தரத்தில்.

முதல் குறியாக ஆரம்பப் பள்ளிகளை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரிகளை எடுத்தார். பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். காரணங்கள் உண்டு:

1. பெரும்பாலான தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று சட்டக் கல்லூரியே கிடையாது. அளந்து பார்க்க வேண்டிய வேலையே இல்லை. பூஜ்யம் எதற்கும் சமமாகாது.

2. ஒரே ஒரு மாணவர் விண்ணப்பித்தாலும் மாநிலம் முழுக் கல்லூரி கட்ட வேண்டும், இல்லையேல் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது அபத்தமான செலவு.

3. தீர்ப்பு எழுதுகிறவர்களே சட்டக் கல்லூரியில் படித்தவர்கள். நல்ல கல்லூரிக்கும் பெயருக்கு நடத்தும் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

4. சின்னப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவது என்றதும் வெள்ளையரிடையே எழும் ஆவேசம், வளர்ந்த சில ஆண்கள் சட்டப் புத்தகம் படிப்பதில் எழாது.

என் பார்வையில் மூன்றாவதுதான் கூர்மையானது. நீதிபதியின் சொந்த அனுபவத்தையே சாட்சியாக்கிவிட்டார்.

## மேரிலாந்து, மிசோரி

முதல் வழக்கு 1935-இல் பால்டிமோரில். மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி டொனால்ட் மரே என்ற பட்டதாரியை நிறத்தைக் காட்டி ஒதுக்கியது. அதே ஊரில் பிறந்த மார்ஷல், தனக்கும் அங்கே இடமில்லை என்பதாலேயே ஹோவர்டுக்குப் போனவர். ஆசிரியர் ஹூஸ்டனும் மாணவர் மார்ஷலும் சேர்ந்து வாதாடினார்கள். கறுப்பினத்தவருக்கென்று மாநிலம் வேறு சட்டக் கல்லூரி நடத்தவில்லை, ஆகவே சேர்த்துக்கொள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 1936 ஜனவரியில் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வெற்றிதான். ஆனால் மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பு அந்த மாநிலத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

நாடு முழுவதற்கும் பொருந்தும் தீர்ப்பு மிசோரியிலிருந்து வந்தது. லாயிட் கெய்ன்ஸ் என்ற இளைஞரைச் சேர்க்க மறுத்த மாநிலம், “பக்கத்து மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம்” என்றது. (வழக்கின் பெயரில் ‘கனடா’ என்று வருவதைப் பார்த்து அயல்நாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகப் பதிவாளரின் பெயர் அது.) 1938-இல் ஹூஸ்டன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியபோது, நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் என்பது அந்த வழக்கோடு சேர்த்துச் சொல்லப்படும் செய்தி.

அந்த டிசம்பரில் 6-க்கு 2 என்று தீர்ப்பு வந்தது. அதில் இருந்த இரண்டு கருத்துகள் பின்னால் எல்லா வழக்குகளுக்கும் கைகொடுத்தன. ஒன்று, சமமான வசதியைத் தன் எல்லைக்குள்ளேயே தருவது மாநிலத்தின் கடமை, அதை அண்டை மாநிலத்தின் தலையில் கட்ட முடியாது. இரண்டு, இந்த உரிமை தனிமனிதருடையது. கேட்பவர் ஒரே ஒருவர் என்பதால் அது குறைந்துவிடாது.

ஆனால் கெய்ன்ஸ் அந்தக் கல்லூரிக்குள் காலடி வைக்கவே இல்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. மிசோரி அவசர அவசரமாகக் கறுப்பினத்தவருக்கென்று ஒரு சட்டக் கல்லூரி திறந்தது. அது சமமானதா என்று கேட்க வாதியே இல்லாததால் வழக்கு நின்றுபோனது.

## இந்த வழியின் ஆபத்து

இங்கேதான் ஹூஸ்டனின் முறை தடுமாறக்கூடிய இடம். “சமமாகக் கொடு” என்று கேட்டால், மாநிலம் உண்மையிலேயே கொடுத்துவிட்டால்? பிரிவினை இன்னும் உறுதியாகிவிடாதா? இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 1951-இல் தென் கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் பைர்ன்ஸ் விற்பனை வரி போட்டு, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிகள் கட்ட ஆரம்பித்தார். நோக்கம் பிரிவினையைக் காப்பாற்றுவது. அவர் ஒருகாலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அடுத்த படி அவசியமானது: கட்டடமும் புத்தகமும் சமமாக இருந்தாலும், பிரிவினையே சமத்துவத்தைக் கெடுக்கிறது என்று நிரூபிப்பது. ஹூஸ்டன் உடல்நலம் குன்றி விலக, 1940-களில் பொறுப்பு மார்ஷலிடம் வந்திருந்தது. 1950 ஜூன் 5 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன.

டெக்சாஸில் ஹீமன் ஸ்வெட் என்ற தபால்காரர் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். அவருக்காகவே மாநிலம் ஆஸ்டினில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் தற்காலிகச் சட்டக் கல்லூரி அமைத்தது. உச்ச நீதிமன்றம் அறைகளையும் புத்தகங்களையும் எண்ணியதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, கல்லூரியின் பாரம்பரியம் என அளக்க முடியாதவற்றையும் சேர்த்தது. தனிக் கல்லூரியில் ஸ்வெட் சந்திக்கவே முடியாதவர்கள் மாநில மக்கள்தொகையில் 85 சதவீதம். நாளைக்கு அவர் நீதிமன்றத்தில் எதிர்கொள்ளப்போகும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பெரும்பாலும் அவர்களே என்றது.

ஓக்லஹாமா வழக்கு இன்னும் சுவையானது. ஜார்ஜ் மெக்லாரின் என்பவரை முனைவர் படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே பக்கத்து அறையில் உட்கார வேண்டும், நூலகத்தில் தனி மேஜை, உணவகத்தில் தனி நேரம். கட்டடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், பாடப் புத்தகம் ஒன்று. வசதியில் எந்தக் குறையும் காட்ட முடியாது. மிச்சமிருப்பது பிரிவினை மட்டும்தான். அதுவே சமத்துவத்தைக் கெடுக்கிறது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பிளெசி தீர்ப்பை ரத்துசெய்யாமலே அதன் உள்ளீட்டைச் சுரண்டி எடுத்தாயிற்று.

ஹூஸ்டன் இதைப் பார்க்கவில்லை. அந்த ஏப்ரல் 22-இல், 54-வது வயதில், இதய நோயால் இறந்திருந்தார்.

## பிரவுன்: ஒரு பெயர், ஐந்து வழக்குகள்

பிரவுன் வழக்கு என்பது உண்மையில் கான்சாஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் ஆகிய ஐந்து இடங்களின் வழக்குகள்.

தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் பெற்றோர் முதலில் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்து. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பேருந்துகள் ஓடின, கறுப்பினப் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். ஒரு வெள்ளைக் குழந்தைக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவழித்த மாவட்டம் கறுப்பினக் குழந்தைக்குச் செலவழித்தது 43 டாலர். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸுக்கு வேலை போனது, அவர் மனைவிக்கும் போனது. முன்னின்று நடத்திய போதகர் டிலெய்னின் வீடு எரிந்தது. வழக்குத் தாளில் ஒரு பெயர் வருவதற்கு என்ன விலை என்று இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரின் பிரவுன் வழக்குக்கு வேறு பயன். அங்கே இரண்டு வகைப் பள்ளிகளும் வசதியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே “கட்டடத்தைச் சரிசெய்” என்று சொல்லி நழுவ முடியாது. பிரிவினை சரியா தவறா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வாஷிங்டன் வழக்கில் ஒரு சட்டச் சிக்கல். 14-வது திருத்தம் ‘எந்த மாநிலமும்’ என்கிறது, தலைநகரோ மாநிலம் அல்ல. அதனால் அதை, மத்திய அரசைக் கட்டுப்படுத்தும் 5-வது திருத்தத்தின்கீழ் தனியாகத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த வழக்கின் பெற்றோர் குழுவுக்கு முதலில் வழக்கறிஞராக இருந்தவர் ஹூஸ்டன். படுக்கையில் விழுந்தபோது தன் சக வழக்கறிஞர் ஜேம்ஸ் நேப்ரிட்டிடம் ஒப்படைத்தார்.

1952 டிசம்பரில் வாதம். முடிவு வரவில்லை. 1953 செப்டம்பரில் தலைமை நீதிபதி வின்சன் இறந்தார், ஏர்ல் வாரன் வந்தார். மறுபடி வாதம். 1954 மே 17 அன்று 9-க்கு 0: கல்வியில் தனித்தனி வசதிகள் என்பதே இயல்பில் சமமற்றது.

## தீர்ப்புக்குப் பிறகு

எப்போதிலிருந்து, எப்படி அமல்படுத்துவது என்பதை நீதிமன்றம் 1955-க்குத் தள்ளியது. அப்போதும் கெடு வைக்காமல், ‘தக்க நிதானத்துடன் கூடிய வேகத்தில்’ என்றது. தென்மாநிலங்கள் நிதானத்தை எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டன. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துப்போக ராணுவம் வர வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்து பத்தாண்டு ஆகியும், உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன பழைய கூட்டமைப்பு மாநிலங்களில் வெள்ளையரோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் செய்தது எல்லாவற்றையும் மிஞ்சியது. 1959-இல் அரசுப் பள்ளிகளை மொத்தமாக மூடிவிட்டது. எல்லாருக்கும் இல்லை, ஆகவே எல்லாருக்கும் சமம்! வெள்ளைப் பிள்ளைகள் அரசு உதவியோடு தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலர் ஐந்து வருடம் பள்ளியே இல்லாமல் வளர்ந்தார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. அதே ஆண்டு வந்த குடிமை உரிமைகள் சட்டம், பிரித்து வைக்கும் பள்ளிகளுக்கு மத்திய நிதியை நிறுத்தும் அதிகாரம் தந்தது. அதற்கப்புறம்தான் எண்ணிக்கை வேகமாக மாறியது.

## சரி, 2023-இன் குழப்பத்துக்கு வருவோம்

ஹூஸ்டன் போட்ட பாதை முழுவதிலும் இரண்டு வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன:

1. அரசு ஒருவரை அவருடைய இனத்தை வைத்துத் தரம் பிரிக்கக் கூடாது. கெய்ன்ஸ் வழக்கின் ‘தனிமனித உரிமை’ இதன் வேர்.

2. ஒரு சமூகத்தைக் கீழே வைத்திருக்கும் ஏற்பாட்டை அரசு கலைக்க வேண்டும். ஸ்வெட், மெக்லாரின் வழக்குகளில் நீதிமன்றம் பார்த்தது இந்த விளைவைத்தான்.

1950-களில் இந்த இரண்டும் ஒரே முடிவுக்கு இட்டுச் சென்றன. எந்த வாதத்தால் வென்றோம் என்று பிரித்துப் பார்க்கும் தேவை எழவில்லை. பின்தங்கியவர்களைத் தூக்கிவிட இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்ற கேள்வி வந்ததும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 2023-இல் பெரும்பான்மை முதலாவதைப் பிடித்துக்கொண்டது, மாறுபட்டவர்கள் இரண்டாவதை.

பெரும்பான்மைத் தீர்ப்பு எடுத்தாண்ட வரிகளில் ஒன்று, பிரவுன் வழக்கில் வாதிகள் தரப்பு வாதாடும்போது சொன்னது: கல்வி வாய்ப்பு வழங்குவதில் இனத்தை ஒரு காரணியாகப் பயன்படுத்த எந்த மாநிலத்துக்கும் அதிகாரம் இல்லை. அதைச் சொன்னவர் ராபர்ட் கார்ட்டர், ஹோவர்ட் சட்டக் கல்லூரியில் படித்தவர், மார்ஷலின் துணை வழக்கறிஞர். 2007-இல் சியாட்டில் பள்ளிகள் பற்றிய வழக்கிலும் இதே வரி மேற்கோளாக வந்தது. அப்போது கார்ட்டர் உயிரோடு, நீதிபதியாக இருந்தார். செய்தியாளர் கேட்டபோது, அந்தக் காலத்தில் இனம் பயன்பட்டது கறுப்பினத்தவருக்கு வாய்ப்பை மறுக்க மட்டும்தான், தன் வாதத்தை இப்படித் திருப்புவது அதைத் தலைகீழாக நிறுத்துவது என்றார். அவர் 2012-இல் இறந்தார். 2023 தீர்ப்பில் அந்த வரி மறுபடியும் வந்தது.